சொரசொரத்த தோலுக்கு மருந்து லோஷன்: எதை, எவ்வளவு, எப்படி?

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: தோல் வறண்டுபோய், கை வைத்தால் உப்புத்தாளைத் தொடுவதுபோல் சொரசொரக்கிறது, மருத்துவர் எழுதிக் கொடுத்த லோஷனும் கேட்கவில்லை. லோஷன் கேட்காமல் போவதற்கு லோஷனைவிட அதைத் தடவும் முறையே பெரும்பாலும் காரணமாக இருப்பதை நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்து அறிந்திருக்கிறேன். அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 64. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு ஆண்டுகளாக முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, மீன் செதில் போல எழும்பி, இரவில் அரிப்பு தாங்க முடிவதில்லை. மருத்துவர் 10 சதவீத யூரியா கலந்த லோஷனை எழுதிக் கொடுத்தார். 100 மில்லி பாட்டில் ஒன்று எனக்கு நான்கு மாதம் வருகிறது. விடாமல் தடவியும் பெரிய மாற்றம் இல்லை. இதைவிட வீரியமான லோஷன் ஏதாவது இருக்கிறதா?

பதில்: வணக்கம் அம்மா. உங்களுக்கு வீரியமான லோஷன் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இப்போது வைத்திருக்கும் லோஷனே வேண்டிய அளவுக்கு உங்கள் காலுக்குப் போய்ச் சேரவில்லை. 100 மில்லி நான்கு மாதம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். நான்கு மாதம் என்பது சுமார் 120 நாள். அப்படியானால் இரண்டு கால்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மில்லிகூட நீங்கள் தடவவில்லை.

எவ்வளவு தடவ வேண்டும் என்பதற்குத் தோல் மருத்துவத்தில் 1991 முதல் ஓர் எளிய அளவு புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கி வைத்த களிம்பு ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். இரண்டு கால்களுக்கும் முழங்காலிலிருந்து பாதம் வரை தடவ இப்படிப் பத்து அளவுகள், அதாவது ஐந்து கிராம் வேண்டும். லோஷன் விரலில் நிற்காமல் வழியும் என்பதால் அதை ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தேக்கரண்டி, இரவில் ஒரு தேக்கரண்டி என்றால் உங்கள் பாட்டில் பத்தே நாளில் தீர்ந்திருக்க வேண்டும். வறண்ட தோலுக்கான லோஷனைக் கண்ணுக்கு மை இடுவதுபோல் தொட்டுத் தடவும் பழக்கத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அரிப்போடு தூக்கத்தை இழக்கும் உங்களைப் போன்றவர்கள் அப்படிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

எதற்காக இவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் 15 முதல் 20 அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன; உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர மற்ற இடங்களில் அந்தப் படலம் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு தாளின் கனம்கூட இராது. செங்கல் அடுக்கியது போன்ற அந்தச் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்துபோல் நிரம்பியிருக்கின்றன. செல்களுக்குள்ளே நீரைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது, இந்தச் சாந்தும் குறைகிறது. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகளே குறைவு என்பதால் வறட்சி அங்கேதான் முதலில் தெரியும். இறந்த செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர வேண்டுமானால் அவற்றைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்புகளைச் சில நொதிகள் அறுத்துவிட வேண்டும். அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் இல்லாதபோது செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நின்று, நீங்கள் சொல்லும் மீன் செதிலாக எழும்புகின்றன. செதிலை அழுக்கு என்று எண்ணி நார் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் சாந்தும் போய்விடும்; அதைச் செய்யாதீர்கள்.

தடவும் நேரமும் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள். காலுக்குச் சோப்பு வேண்டாம், அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களுக்கு மட்டும் போதும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, தோலில் இலேசாக ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் லோஷனைத் தடவிவிடுங்கள். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே மேலிருந்து கீழாக நீவிவிட வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரும். இரவில் குளிக்காதவர்கள் ஈரத் துணியால் காலை ஒருமுறை ஒற்றிவிட்டுத் தடவலாம்.

மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உங்கள் வயதில் இன்னும் சில நாள் கூடும். ஆகையால் இந்த அளவில் ஆறு வாரம் தடவிவிட்டுப் பிறகு மாற்றத்தைப் பாருங்கள். தோல் வழவழப்பானதும் ஒருவேளையாகக் குறைக்கலாம், அடியோடு நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சில நாள்களிலேயே பழைய நிலை திரும்பிவிடும். இவ்வளவு செய்தும் அரிப்பு அடங்காவிட்டாலோ, உடல் முழுவதும் பரவினாலோ, தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலை வறளச் செய்யும் மாத்திரைகளும் உண்டு.

கேள்வி: மருந்துக் கடையில் யூரியா லோஷன், லாக்டிக் அமில லோஷன், சாலிசிலிக் அமிலக் களிம்பு என்று பல வகைகளைக் காட்டி, எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். உண்மையில் ஒன்றுதானா? யூரியா என்பது பயிருக்குப் போடும் உரமல்லவா?

பதில்: ஒன்றல்ல. வறண்ட தோலுக்கான லோஷன்களில் மூன்று வகை வேலைகளைச் செய்யும் பொருள்கள் உண்டு. கிளிசரின் போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கின்றன. பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின், டைமெதிகோன் போன்றவை மேலே மூடிபோல் படிந்து உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன. மூன்றாவது வகை, தடித்துப்போன இறந்த அடுக்கை இளக்கி உதிர்க்கிறது. மருந்து லோஷன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலையைச் செய்யும் பொருள் சேர்ந்ததைத்தான். இதனால் பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரைவிட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதமே முக்கியமானது.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் வரை அது முக்கியமாக ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளாக இருக்கிறது. அதற்கு மேல் போகப் போக இறந்த அடுக்கை இளக்கும் வேலை கூடுகிறது. கை, கால், உடல் ஆகியவற்றின் பொதுவான வறட்சிக்கு 5 முதல் 10 சதவீதம் பொருந்தும். தடித்த குதிகாலுக்கும் முழங்கைக்கும் 20 சதவீதம் அல்லது சற்று அதிகம் வேண்டியிருக்கும். 40 சதவீதம் என்பது தடித்த நகத்தையே இளக்கிவிடும் அளவு. அதை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. ஒரே பெயரில் 10 சதவீதமும் 20 சதவீதமும் பக்கத்துப் பக்கத்தில் விற்பனைக்கு இருப்பதால், வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

உரத்தில் இருக்கும் யூரியாவும் லோஷனில் இருக்கும் யூரியாவும் வேதியியல்படி ஒரே பொருள்தான். 18ஆம் நூற்றாண்டில் சிறுநீரிலிருந்து முதலில் பிரித்தறியப்பட்ட இதை 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெட்ரிக் வோலர் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். லோஷனில் சேர்ப்பது மருந்துக்கு உரிய தூய்மையோடு தயாரிக்கப்பட்டது; நம் மேல்தோலில் இயல்பாகவே ஈரத்தைக் காத்துவரும் பொருள்களில் ஒன்றும் அதுவே என்பதால் அருவருப்போ அச்சமோ வேண்டாம். ஆனால் உர மூட்டையிலிருந்து எடுத்து வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது, உரத்தின் தூய்மை தோலுக்காக அளக்கப்பட்டதல்ல.

லாக்டிக் அமிலம், குறிப்பாக 12 சதவீத அளவில் அம்மோனியம் லாக்டேட்டாக வருவது, செதில் செதிலாக உரியும் தோலுக்கும், மேற்கையில் மிளகு மிளகாகச் சொரசொரக்கும் மயிர்க்கால் தடிப்புக்கும் நன்றாகக் கேட்கும். அதைத் தடவிய இடம் வெயிலுக்கு எளிதில் கன்றிவிடும் என்பதால், வெளியே போகும்போது அந்த இடத்தை ஆடையால் மூடுங்கள், முகத்தில் தடவாதீர்கள். சாலிசிலிக் அமிலம் இன்னும் கவனம் வேண்டுவது. இது தோல் வழியாக இரத்தத்தில் கலக்கக்கூடியது என்பதால் உடல் முழுவதும் பூசும் பொருளாக இதைக் கருதவே கூடாது. குழந்தைகள், கருவுற்றிருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. சீக்கிரம் குணமாகட்டும் என்று இவற்றில் இரண்டு வகைகளை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வறட்சியோடு புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதுமாக என் கைகள் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கின்றன. விரல் மூட்டுகளில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. யூரியா லோஷனைத் தடவியதும் மிளகாய் பட்டதுபோல் எரிகிறது. ஒவ்வாமையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒவ்வாமை என்று தோன்றவில்லை. யூரியாவும் லாக்டிக் அமிலமும் வெடிப்பில் பட்டால் எரியத்தான் செய்யும். தடவியவுடன் எரிந்து சில நிமிடங்களில் தணிந்துவிட்டால் அது எரிச்சல். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து, தடவிய இடம் சிவந்து தடித்து, அரித்து, சிறு நீர்க்கொப்புளம் எழுந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்; அதற்கு லோஷனில் சேர்த்திருக்கும் நறுமணப் பொருளோ, கெடாமல் காக்கும் பொருளோ, லனோலின் எனப்படும் கம்பளிக் கொழுப்போ காரணமாகலாம். அப்படியானால் உடனே நிறுத்திவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெடிப்பு ஆறும்வரை மருந்து லோஷனை ஒதுக்கி வையுங்கள். நறுமணம் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை ஒவ்வொரு முறை கை கழுவிய பின்னும், இரவில் கனமாகவும் தடவி, மேலே பருத்திக் கையுறை அணிந்து உறங்குங்கள். நீரை ஆவியாக விடாமல் தடுப்பதில் இதற்கு ஈடான பொருள் இல்லை என்றே சொல்லலாம். எந்த லோஷன் தடவினாலும் சோப்பு நீர் தொடர்ந்து படுமானால் பயன் இராது என்பதால், வேலை செய்யும்போது உள்ளே பருத்தியும் வெளியே ரப்பருமாக இரண்டு கையுறைகளை அணியுங்கள். தோல் மூடிக்கொண்டதும் 5 சதவீத யூரியாவிலிருந்து தொடங்கலாம். புதிய லோஷன் எதையும் முன்கையின் உட்புறத்தில் சிறு நாணயம் அளவுக்கு நாளுக்கு இருவேளை ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே கை முழுவதும் பூச வேண்டும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் கன்னமும் கையும் வறண்டு சொரசொரப்பாக இருக்கின்றன. எனக்குக் கொடுத்த யூரியா லோஷனையே குழந்தைக்கும் தடவலாமா?

பதில்: வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம் என்பதால், தடவும் பொருள் இரத்தத்தில் சேரும் அளவும் கூடும். நறுமணமும் மருந்தும் சேராத எளிய கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். கன்னம் சிவந்து, நீர் கசிந்து, குழந்தை அரிப்பால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது எக்சிமா என்னும் தோல் அழற்சியாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தந்தைக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்கிறார். எந்த லோஷன் நல்லது?

பதில்: வலிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் பழுதுபடும்போது உணர்ச்சியும் குறைகிறது, வியர்வையும் குறைகிறது. வியர்வை குறைவதால் தோல் வறண்டு வெடிக்கிறது, உணர்ச்சி குறைவதால் வெடித்தது தெரிவதில்லை. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே நுழைந்தால் புண் எலும்பு வரை போகக்கூடும். ஆகவே லோஷனைத் தேடுவதற்கு முன் அப்பாவை அழைத்துச் சென்று பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்போ, வீக்கமோ, நீர்க்கசிவோ, துர்நாற்றமோ இருந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

புண் இல்லை என்று உறுதியானால், 10 முதல் 25 சதவீத யூரியா கிரீமை, மருத்துவர் சொல்லும் அளவில், குதிகாலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் நாள்தோறும் தடவலாம். விரல் இடுக்குகளில் மட்டும் தடவவே கூடாது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பூஞ்சை பற்றும். வெந்நீரில் காலை ஊறவைப்பது, பிளேடால் தடித்த தோலைச் சீவுவது, கல்லில் தேய்ப்பது ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு எவ்வளவு என்பதும் தெரியாது, வெட்டு விழுந்ததும் தெரியாது. தடவிய கால் வழுக்கும் என்பதால் காலுறை அணிந்த பிறகே அவர் எழுந்து நடக்கட்டும். தினமும் இரவில் வெளிச்சத்தில் இரு பாதங்களையும் உள்ளங்கால் வரை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவருடைய கண்ணுக்குக் குதிகால் எட்டாது.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் சொன்ன டியூபை வாங்கித் தடவினேன். மூன்றே நாளில் சொரசொரப்பும் அரிப்பும் மறைந்தன. இப்போது ஐந்து மாதமாக அதைத்தான் தடவுகிறேன். நிறுத்தினால் மறுபடியும் வந்துவிடுகிறது. தொடரலாமா?

பதில்: தயவுசெய்து தொடராதீர்கள். டியூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்றாலும், மூன்று நாளில் மறைவது, நிறுத்தினால் திரும்புவது என்ற இரண்டும் சேர்ந்து வந்தாலே எனக்கு ஸ்டீராய்டு என்ற சந்தேகம் எழுகிறது. டியூபைத் திருப்பி, சேர்மானத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு சாலிசிலிக் அமிலமும் சேர்ந்து வரும் களிம்புகள் உண்டு. அந்த அமிலம் இறந்த அடுக்கை இளக்கி வழிவிடுவதால் ஸ்டீராய்டு இன்னும் ஆழமாக இறங்கும். மருத்துவர் நாள் குறித்து, இடம் குறித்துக் கொடுத்தால் இவை அருமையான மருந்துகள்தான். ஐந்து மாதம் தடவினாலோ தோல் காகிதம்போல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிரந்தரமாக வரித் தழும்பு விழும். படர்தாமரை இருந்தால் அது உருமாறிப் பரவும்.

இவ்வளவு நாள் தடவியதை ஒரே நாளில் நிறுத்தினால் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால், தோல் மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக விடுங்கள். அந்த இடைக்காலத்தில் எளிய ஈரப்பத கிரீம் மிகவும் கைகொடுக்கும். மருத்துவர் ஸ்டீராய்டையும் கிரீமையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசாமல், ஒன்றைத் தடவி அரை மணி நேரம் கழித்து மற்றதைத் தடவுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் மாமனாருக்கு உடல் முழுவதும் பாரஃபின் களிம்பு தடவிவருகிறேன். தோல் நன்றாக இருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை அவருடைய தோலில் தெரிவது மகிழ்ச்சி அளிக்கிறது. பலரும் அறியாத ஓர் ஆபத்தை மட்டும் சொல்ல வேண்டும். களிம்பு தோலில் இருப்பதால் மட்டும் தீப்பற்றிவிடாது. ஆனால் அது ஊறி உலர்ந்த வேட்டி, போர்வை, தலையணை உறை, கட்டுத்துணி ஆகியவற்றில் ஒரு தீப்பொறி விழுந்தால் அவை வெறும் துணியைவிட மிக விரைவாகப் பற்றி எரியும். எழுந்து நகர முடியாதவருக்கு இது உயிராபத்து. பாரஃபின் மட்டுமன்றி, எண்ணெய்ப்பசையுள்ள மற்றக் கிரீம்கள் ஊறிய துணிக்கும் இது பொருந்தும். ஆகையால் அவர் படுத்திருக்கும் அறையில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. விளக்கு, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, கனல் அடுப்பு எதுவும் அவர் படுக்கைக்கு அருகில் இருக்கக் கூடாது. அவருக்கே புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

துணிகளை அடிக்கடி மாற்றி, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். துவைத்தாலும் களிம்பு முழுவதும் போய்விடாது என்பதால், துவைத்த போர்வையாயிற்றே என்று தீயருகே கவனக்குறைவாக இருந்துவிடாதீர்கள். களிம்பை டப்பாவிலிருந்து எடுக்கும்போது விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் கிருமி உள்ளே போய்விடும். திறந்த தேதியை மூடியின் மேல் எழுதி வைத்துக்கொண்டு, டப்பாவில் குறித்திருக்கும் மாதக் கெடு முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.